விதவைக்கு முதல் கூடை

எங்கள் ஊர் மண் வைத்த இடத்தில் நிற்காது. கோடையில் நாலு மழை அடித்துப் பெய்தால் போதும், சரிவில் இருப்பதெல்லாம் அடிவாரத்துக்கு வந்துவிடும். ஆர்ப்ளோவில் பிறந்த பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரிகிறதோ இல்லையோ, முதுகுக் கூடையில் மண் சுமக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் இறங்கியதைப் பனிக்காலத்தில் சுமந்துபோய் மேலே கொட்டுவோம். அடுத்த கோடையில் அது மறுபடி இறங்கும். இப்படித்தான் ஓடியது பிழைப்பு.

எப்பெர்னே பட்டணத்திலிருந்து வரும் ஒயின் வியாபாரிகள் எங்கள் சுண்ணாம்புப் பாறையை வாய் ஓயாமல் புகழ்வார்கள். நுரைக்கும் ஒயினுக்கு அதுதான் உயிர் என்பார்கள். நல்ல பாறைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்திருந்து வறட்சியில் திராட்சைக் கொடிக்குக் கொடுக்கும். ஆனால் அதன்மேல் இருக்கும் மண் ஒரு முழம் தேறாது. அந்த ஒரு முழத்தை அங்கே பிடித்து வைத்திருந்தது எங்கள் முதுகெலும்பு. அதைப் புகழ்ந்து ஒரு வியாபாரியும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் கொடி நடுவதில்லை. பதியன் போடுவோம். வயதான கொடியைக் குழியில் படுக்க வைத்து மூடி, நுனியில் இரண்டு கணுவை மட்டும் வெளியே விடுவோம். அது புதுக்கொடியாக எழும்பும். சில வருஷம் கழித்து அதையும் படுக்க வைப்போம். இன்றைக்குப் போல வரிசை கிடையாது. திருவிழாக் கூட்டம் மாதிரி கொடிகள் இஷ்டத்துக்கு நிற்கும். கீழே வேரோடு வேர் பின்னி, ஒரு தோட்டம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று மண்ணுக்கே தெரியாது.

எங்கள் சரிவின் அடியில், வண்டிப் பாதையை ஒட்டி, எங்கள் தோட்டம். என் புருஷன் ஒனெசிமும் நானும் உழைத்தது. சரிவின் உச்சியில் எர்மான்ஸின் தோட்டம். அவள் புருஷன் ஃபிர்மேன் இறந்து பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அந்தத் துண்டு நிலம்தான் அவளுக்குச் சோறு. ஒரு மாசி மாதம் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தடியோடுதான் நடை. கொடி வெட்டுவாள், கட்டுவாள், களை பறிப்பாள். மண் மட்டும் சுமக்க முடியாது.

அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அடிவாரத்துப் பள்ளத்தில் சேரும் மண் யாருடையது, எவருடைய தோட்டத்திலிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கக்கூடாது. கேட்டால் அவனைக் கஞ்சன் என்று காலத்துக்கும் சொல்வார்கள். அந்தச் சரிவில் ஒரு விதவை இருந்தால், மண் ஏற்றும் முதல் நாளின் முதல் கூடை அவள் நிலத்துக்குப் போகும். அதைச் சுமக்கும் பெண் அந்த விதவையின் பங்கு முழுவதையும் சுமந்து முடித்த பிறகே தன் நிலத்துக்குப் போவாள். எர்மான்ஸுக்குச் சுமந்தவள் நான். லெயோகாதி எர்மான்ஸுக்குச் சுமக்கிறாள் என்று ஊரே சொல்லும். எனக்கு அதில் பெருமை உண்டு, ஏன் மறைக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆடி வாக்கில் எங்கள் தோட்டத்தில், பாதைக்குப் பக்கத்தில், ஒரு வட்டம் பழுத்தது. ஒரு வண்டிச் சக்கர அகலம் இருக்கும். துணியில் எண்ணெய் கொட்டியதுபோல ஓரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஒனெசிம் ஒரு வேரைப் பிடுங்கினான். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. முடிச்சுகளின்மேல் மஞ்சளாகப் பொடி.

"மண்ணு மெலிஞ்சு போச்சு. எரு போட்டா சரியாயிடும்" என்றான்.

"மெலிஞ்ச மண்ணுல பொடி நகருமா, ஒனெசிம்?"

அவன் வேரைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தான்.

கொடியின் வேரை உறிஞ்சும் வேர்ப்பேன் என்ற பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். தெற்கே மாகாணம் மாகாணமாகத் தின்று தீர்த்துவிட்டு வடக்கே வருகிறது என்றார்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்க வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்றார்கள். மீதிப்பேர் நம்பினார்கள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் பேன் கண்ட வீட்டுக்கு ஒரு பேர் வந்துவிடும். பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. 'பேன் வீடு' என்றார்கள். பேனை ஒழிக்க வைத்த சங்கத்து ஆட்கள் வந்து நாற்றம்பிடித்த மருந்தை மண்ணுக்குள் ஊசியால் ஏற்றினார்கள். சுற்றிலும் நல்ல கொடியும் செத்தது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கோயிலில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. கடைசியில் ஊரைவிட்டே போனார்கள்.

ஆகஸ்ட்டில் சங்கத்து ஆய்வாளர் எங்கள் ஊருக்கும் வந்தார். ஒல்லியான மனுஷன், முழங்கால் வரை சேறு, கையில் பூதக்கண்ணாடி வைத்த பெட்டி. ஆண்கள் மண்வெட்டியோடு பாதையை மறித்தார்கள். பெண்கள் சட்டியும் கரண்டியுமாகத் தட்டிக்கொண்டு நின்றோம். முன் வரிசையில் நான். பயந்தவளுக்குத்தான் வாய் நீளும்.

"பேன் பாக்கணும்னா முதல்ல உங்க தலையக் காட்டுங்க மெஸ்யே. வீட்டுல நல்ல சீப்பு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

பாதை முழுக்கச் சிரிப்பு. அவர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். மொட்டைத் தலை.

"தேடிப் பாருங்க மதாம். அங்க ஒரு மயிர்கூட இல்ல, பேன் எங்க இருக்கும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "நான் போறேன். உங்க நிலத்துக்குள்ள வரல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. எங்கயாவது கொடி வட்டமாப் பழுத்தா, அந்த இடத்து மண்ண மட்டும் வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. பேன் தானா மலை ஏறி வர வருஷக்கணக்காகும். கூடையில போனா ஒரே நாள்."

"மண்ணு சுமக்காதேன்னா மலைய விட்டே போன்னு அர்த்தம்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மறுபடி சிரிப்பு. ஒனெசிம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். நானும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்கக் கோயிலில் இருந்த நேரத்தில், எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். அந்த வட்டத்தில் இருந்த கொடியை எல்லாம் வேரோடு பிடுங்கினோம். பச்சைக் கொடி. மேலே புல்லைப் போட்டு மூடிக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ரொட்டி அடுப்பில் எரித்தோம். பச்சை மரம் சீறியது. ஒனெசிம் அடுப்பு வாயில் உட்கார்ந்து அழுதான். அவன் கெட்டவன் இல்லை. அவன் அப்பா படுக்க வைத்த கொடிகள் அவை.

"பிடுங்கியாச்சு. போயிடுச்சு. இனி யார்கிட்டயும் பேச்சில்ல, கேட்டியா?"

"கேட்டேன்."

அக்டோபரில் மூன்று நாள் பேய்மழை. பிடுங்கிய இடத்தில் மண் இளகிக் கிடந்ததல்லவா, மற்ற இடமெல்லாம் விரலளவு அரித்தது என்றால் அங்கே முழங்கை ஆழத்துக்கு அரித்துக்கொண்டு போயிற்று. போன மண் பள்ளத்தில், ஏற்கெனவே கிடந்த மண்ணுக்குமேல், ஒரு பழுப்பு அடுக்காகப் படிந்தது. கடைசியாக வந்தது மேலே கிடக்கும். முதல் கூடையில் மேலே கிடப்பதுதான் போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

தை மாதம் வரும் புனித வின்சென்ட் திருநாள் முடிந்த மறுநாள் மண் ஏற்றுவது வழக்கம். அன்று காலையில் ஒனெசிமிடம் சொன்னேன்.

"இந்த வருஷம் நான் சுமக்கல. முதுகு வலின்னு சொல்லிடலாம்."

"முதுகு வலின்னா வேற ஒருத்தி சுமப்பா. அதே மண்ணுதான் போகும்."

"அப்ப எர்மான்ஸ்கிட்டயாவது சொல்லிடலாமே. அவகிட்ட மட்டும்."

"எர்மான்ஸ்கிட்ட சொன்னா அவ ஏன் வேண்டாங்குறான்னு ஊர் கேக்கும். அவ என்ன சொல்லுவா? நாளைக்கே நாம பேன் வீடு." அவன் காலணியைக் கட்டிக்கொண்டே சொன்னான். "அதோட, அங்க பேன் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா? எரிச்சாச்சு. குளிருல செத்திருக்கும்."

செத்திருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்.

பள்ளத்தில் ஒனெசிம்தான் மண்வெட்டி பிடித்தான். எனக்குப் பின்னால் பதினைந்து பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்: "அந்த ஓரத்துல, அடி மண்ண எடு."

"வரிசை நிக்குது" என்றான். மேலே கிடந்ததை வாரி என் கூடையில் கொட்டினான்.

சரிவு செங்குத்து. கூடைப்பட்டை தோளை அறுக்கும், மூக்கு முழங்காலில் முட்டும். எத்தனையோ வருஷம் ஏறிய பாதை, அன்றைக்கு முடியவே இல்லை. எர்மான்ஸின் தோட்டத்துக்கு முன்னால் ஒரு கல் சுவர். அங்கே வந்ததும் கூடையைச் சுவர்மேல் சாய்த்து இறக்கினேன். மண்ணைத் திரும்பிப் பார்த்தேன். மேலாக ஒரு வேர்த்துண்டு, என் விரல் நீளம், முடிச்சு முடிச்சாக. எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எர்மான்ஸ் தடியை ஊன்றிக்கொண்டு கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். எனக்காக ஒரு சட்டியில் சூடான சூப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"வாடி கழுதை. வருஷத்துக்கு வருஷம் மெதுவா வர்ற. எனக்குத்தான் இடுப்பு ஒடஞ்சது, உனக்கு என்ன கேடு?"

"உன் மலைதான் வருஷத்துக்கு வருஷம் உயருது."

அவள் சிரித்தாள். பிறகு என் கூடையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"லெயோகாதி, நல்ல மண்ணுதானே?"

எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன். கீழே பாதையில் மற்றப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுவதும் மூச்சிரைப்பதும் கேட்டது.

"நல்ல மண்ணுதான்" என்றேன்.

"ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது."

"சரி. அப்ப கொட்டு" என்றாள்.

கொட்டினேன். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் அவள் பங்கு முழுவதையும் சுமந்து கொட்டினேன். அவள் தடியால் மண்ணைப் பரப்பி, ஒவ்வொரு கொடியின் காலடியிலும் அணைத்து அணைத்துவிட்டாள். சூப்பைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வருஷம் அவள் கொடி எல்லோருடையதையும்விடச் செழித்தது. புது மண் ஏறினால் அப்படித்தான். எனக்கு உயிர் வந்தது. ஒனெசிம் சொன்னது சரி, குளிரில் செத்துவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டாம் வருஷம் அறுவடையும் குறையில்லை. மூன்றாம் கோடையில், சரிவின் உச்சியில், எர்மான்ஸின் தோட்டத்துக்கு நடுவில், ஒரு வட்டம் பழுத்தது. அப்புறம் இன்னொன்று. ஆகஸ்ட் முடிவதற்குள் கீழிருந்து பார்த்தாலே தெரிந்தது, பச்சைத் துணியில் ஓட்டை விழுந்த மாதிரி.

ஆய்வாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் பேன் பரவி, கதை என்று சொன்னவர்களின் வாய் அடைத்துப்போயிருந்தது. அவர் எர்மான்ஸின் நிலத்தில் மண்டியிட்டு வேரைக் கண்ணாடியில் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அந்தக் கல் சுவருக்கு இப்பால் நின்றது.

"சுத்தி இருக்கிற தோட்டமெல்லாம் இன்னும் நல்லா இருக்கு. உச்சியில, நடுவுல, எப்படி வந்துச்சு?" அவர் எழுந்து கால்சட்டையைத் தட்டினார். "மதாம், இங்க வெளி மண்ணு கொட்டினீங்களா? யாரு கொண்டு வந்தது?"

அத்தனை பேருக்கும் தெரியும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள்தானே. ஒனெசிம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சுவரின் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நானேதான் சுமந்தேன்" என்றாள் எர்மான்ஸ்.

ஆய்வாளர் அவள் தடியைப் பார்த்தார். கோணலான இடுப்பைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தாளில் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு வந்தது அந்தப் பேர். உச்சித் தோட்டத்துப் பேன் வீடு. பேன் கீழிருந்து மேலே போனது என்று தெரிந்தவர்கள்கூட அப்படியே சொன்னார்கள். சொல்வது சுலபமாக இருந்தது. அவளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. நான் இருந்தேன், ஆனால் சொல்லவில்லை.

நவம்பரில் அவள் கொடிகளைப் பிடுங்க உத்தரவு வந்தது. கூலிக்கு ஆள் வரவில்லை. நான் போனேன். ஒனெசிம் போகாதே என்றான். போனேன். காலையிலிருந்து இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்தோம். அவள் மண்வெட்டியால் இளக்குவாள், நான் இழுப்பேன். ஒரு கொடியை இழுத்தால் அடுத்தது வரும், அதை இழுத்தால் அதற்கடுத்தது. எல்லாம் ஒன்றுக்கொன்று பிள்ளை. எத்தனை தலைமுறையாகப் படுக்க வைத்தவை என்று யாருக்குத் தெரியும். வேர்கள் கறுத்து, கையில் பிடித்தால் ஈரச் சாம்பலாக உதிர்ந்தன.

அவள் எப்பெர்னேக்குப் போவதாக முடிவாகியிருந்தது. ஒயின் வைக்கும் ஒரு பாதாள அறையில் பாட்டில் கழுவும் வேலை. குளிர்ந்த தண்ணீரில், நாள் முழுக்க நின்றுகொண்டு. அந்த இடுப்போடு.

மத்தியானம் சுவரோரம் உட்கார்ந்து ரொட்டி பிட்டோம். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன, எர்மான்ஸ்?"

"எப்படி?"

"நானே சுமந்தேன்னு."

"வேற என்ன சொல்லச் சொல்ற? உன் பேர எழுதினா என் கொடி எந்திரிச்சு நிக்குமா?" அவள் ரொட்டியை மென்றாள். பல் குறைவு, மெல்ல நேரமாகும். "நான் அந்த ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகல. இடுப்பு வலி. இதோ இங்கதான் உக்காந்திருந்தேன். நீங்க ரெண்டு பேரும் கொடி பிடுங்கினதப் பாத்தேன். பச்சைக் கொடிய, கோடையில, புல்லு போட்டு மூடி. ஃபிர்மேனோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணவ நான். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சும் கொட்டுன்னு சொன்னியே."

"நான் உன்னக் கேட்டேன்ல, நல்ல மண்ணுதானான்னு. இந்த ஊருல எவளாவது அப்படிக் கேப்பாளா? ரெண்டு தடவ கேட்டேன், லெயோகாதி. நீ நல்ல மண்ணுன்ன. சரி, கண்ணுதான் ஏமாந்திருக்கு, வேற எதுக்கோ பிடுங்கியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். பன்னண்டு வருஷமா எனக்கு மண்ணு சுமக்கிறவ. நான் என் கண்ண நம்பறதா, உன்ன நம்பறதா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுவது முடிகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள், மழை விடுவதற்குக் காத்திருப்பதுபோல.

"இல்லன்னு தலைய ஆட்டியிருந்தாக்கூடப் போதும்" என்றாள் பிறகு. "நீ வாயத் திறக்க வேண்டியதில்ல. எனக்கு இந்த வருஷம் மண்ணு வேணாம், நிலம் ஓய்வெடுக்கட்டும்னு நானே கத்தியிருப்பேன். கிறுக்குக் கிழவின்னு சொல்லியிருப்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். உன் வீட்டுப் பேரு என் வாயிலிருந்து வந்திருக்காது."

அவள் தடியை ஊன்றி எழுந்தாள். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். கையைப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடிக்கவும் இல்லை. இன்னும் நாலு பாத்தி மிச்சம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் அதையும் பிடுங்கி முடித்தோம்.